எழுந்திருக்க முடியாத நாற்காலி

எங்கள் பக்கத்தில் தோலை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் கம்பெனியில் வேலை செய்கிற எவரிடமாவது ஒரு கைப்பையை நீட்டிப் பாருங்கள். முதலில் மூக்குக்குப் போகும். அப்புறம் மடிப்பார். மடித்த இடத்தில் நகத்தால் ஒரு கீறு. கடைசியாக ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, தோலின் மேல் வைத்து ஒரு தேய். ஈரம் பட்ட இடம் கறுத்தால் மேலே பூச்சு இல்லாத சுத்தமான தோல். கறுக்காமல் ஈரம் மேலேயே நின்றால் பெயிண்டு ஏற்றியது. இதை யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அதுவாக வரும்.

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் பெல்ட்டைப் பிடித்து மடித்துப் பார்த்திருக்கிறேன். பெல்ட் அப்போது அவர் இடுப்பில்தான் இருந்தது. அவர் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். தோல் நல்ல தோல்தான், அதைச் சொல்லியும் அவர் சமாதானம் ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் என் மனைவி சொல்வது ஒன்றே ஒன்று: "கைய பாக்கெட்ல வச்சிக்கினு வாங்க." அவளும் தோல் ஊர்க்காரிதான். ஷூ கம்பெனியில் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை. ஆனால் அவளுக்குக் கட்டுப்பாடு உண்டு. மற்றவர்கள் ஷூவைத் தூரத்திலிருந்தே குறை சொல்வாள்.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தோலுக்குக் கடைசியாக நிறமும் மினுமினுப்பும் ஏற்றுகிற பிரிவு அது. கொஞ்ச நாளாக வேலை கம்மி. ஸ்பிரே மிஷின் பாதி நாள் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. அந்தச் சமயத்தில்தான் மொதலாளி என்னைக் கூப்பிட்டு, தன் செல்போனில் சில படங்களைக் காட்டினார்.

ஒரு டிசைனர் அம்மா. வடக்கே பிறந்து, வெளிநாட்டில் படித்து, இரண்டு இடத்திலும் கடை வைத்திருப்பவர். நாற்காலி, விளக்கு, நகை மூன்றும் செய்கிறார். வாங்குகிறவர்கள் யார் என்று மொதலாளிக்கே தெரியாது. "நம்மள மாதிரி ஆளுங்க இல்லய்யா" என்றார். அவர் வீட்டில் மூன்று கார் நிற்கிறது. அவர் தன்னையும் என்னையும் சேர்த்து "நம்மள" என்று சொன்னது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த நாற்காலியின் உயரமும் புரிந்தது.

"இந்தம்மா அடுத்த செட்டு சேருக்கு இந்தியாவுலயே தோல் தேடறாங்க. நம்ம ஊருக்கு வராங்க. அந்த ஆர்டர் வந்தா ஃபினிஷிங் ஓடும். வரலன்னா மூடிட்டு ஸ்பிரே மிஷின வித்துடறேன். வேலூர்ல ஒரு பார்ட்டி கேட்டுனே இருக்கான்."

"அப்ப நாங்க அஞ்சு பேரு, பாய்?"

"உங்கள யாரும் கேக்கலயேய்யா."

அந்தப் படங்களை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பா மூடியில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். மற்ற நாலு பேரும் எட்டிப் பார்த்து, "இன்னா சார், பொண்ணு பாக்கறீங்களா?" என்பார்கள். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஹைவே ஓரம் ஒரு ஓட்டலின் சின்ன ஹாலில் ஏற்பாடு. டிசைனர் அம்மா தான் செய்ததில் சிலவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, அங்கே வைத்துக் காட்டினார். இந்தத் தரத்தில் எனக்குத் தோல் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காக. நகையும் இருப்பதால் வீட்டுப் பெண்களையும் அழைத்து வரலாம் என்று அழைப்பில் இருந்தது. என் மனைவி அரை நாள் லீவு போட்டாள். கம்பெனி வாரியாக ஆள் போய்ப் பார்க்கவேண்டும். எங்கள் முறை வெள்ளிக்கிழமை மதியம். மொதலாளி ஜும்மா தொழுகை முடித்துவிட்டு, வெளியே சாப்பிடப் போயிருக்கும் அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேராக ஹாலுக்கு வருவதாகச் சொன்னார். எனக்கு ஒரே வேலை. முன்னாலேயே போய், நாற்காலியின் தோல் எந்த வகை என்று பார்த்து வைக்கவேண்டும். எங்கள் சாம்பிள் தோல் என் பையில் சுருட்டியிருந்தது.

போனோம். ஊரே பள்ளிவாசலில் இருந்ததால் ஹாலில் யாரும் இல்லை. நகை மேஜைக்குப் பின்னால் டிசைனரின் உதவிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஏசி ஜில்லென்று ஓடியது. நாற்காலி முன்னால் ஒரு அட்டை. தமிழ், இங்கிலீஷ், உருது மூன்றிலும் "தொடாதீர்கள்" என்று எழுதியிருந்தது. உட்காராதீர்கள் என்று எதிலும் இல்லை. இந்த வித்தியாசம் அப்புறம் எனக்கு உதவியது.

படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை என்று நேரில் தெரிந்தது. குள்ளமான நாற்காலி. கறுத்த மரம். கால்கள் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்து, இப்போதுதான் நிற்கப் பழகிய கன்றுக்குட்டி மாதிரி நின்றது. உட்காரும் இடமும் முதுகும் ஒரே தோல், நடுவில் ஒட்டு இல்லை. மாட்டின் கழுத்துச் சுருக்கம் முதுகு சாயும் இடத்தில் அப்படியே இருந்தது. நாங்கள் அந்தச் சுருக்கத்தை வெட்டித் தள்ளுவோம், இல்லை பூச்சுக்குள் மூடுவோம். வாங்குகிறவன் கண்ணில் பட்டால் விலையைக் குறைப்பான் என்ற பயம். இந்த அம்மா அதையே நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தார். முள் கிழித்த ஒரு தழும்பு கைப்பக்கம் வந்து நின்றது. அந்த மாடு எங்கேயோ வேலி தாண்டியிருக்கிறது. அது போய்ச் சேர்ந்த இடம் நல்ல இடம்.

பக்கத்தில் விளக்கு. தரையிலிருந்து ஒரு பித்தளைக் கம்பி எழும்பி, யாரையோ குனிந்து நலம் விசாரிக்கிற மாதிரி வளைந்து, நுனியில் ஒரு ஆட்டுத்தோல் கூடு. மேளத்துக்கு இழுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி தோல். உள்ளே பல்பு எரிந்தது. நரம்பு நரம்பாக, ஆறு கிளை பிரிகிற மாதிரி கோடுகள் தெரிந்தன. கீழே விழுந்த வெளிச்சம் பால் கம்மியாகப் போட்ட டீயின் நிறத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் என் கையை நீட்டிப் பார்த்தேன். ஆசிட் கறையும் காய்ப்பும் உள்ள என் கைகூட ஏதோ பரம்பரைப் பணக்காரன் கை மாதிரி தெரிந்தது.

என் மனைவி நகை மேஜையிலிருந்து கூப்பிட்டாள். நாற்காலிக்கு வெட்டியது போக மிஞ்சிய தோலில் பருப்பு அளவு வட்டங்கள் செய்து, நடுநடுவே தங்கத் தகடு வைத்துக் கோத்த மாலை. காதுக்கு, கூழாங்கல் மாதிரி வழவழவென்று தேய்த்த தோல் தொங்கட்டம், மேலே ஒரு பொட்டுத் தங்கம்.

"இந்த மாதிரி துண்டுங்கள நம்ம கம்பெனில மூட்டை கட்டி வெளிய போடறோம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"பக்கத்துல தங்கம் வச்சிப் போடறதில்ல இல்ல."

மாலையோடு கட்டியிருந்த சின்ன அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "விலை போடல."

"போடலன்னா நமக்கு இல்லன்னு அர்த்தம்."

"போட்டிருந்தாலும் அதான் அர்த்தம்" என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. உதவிப் பெண் சிரித்துக்கொண்டே, போட்டுப் பாருங்கள் என்று கண்ணாடியை நகர்த்தி வைத்தாள்.

இதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சுவரோரம் ஒரு தட்டில் மக்கன் பேடா இருந்தது. விருந்தாளிக்காக மொதலாளி ஆற்காட்டிலிருந்து வரவழைத்தது. நெய்யில் பொரித்து ஜீராவில் ஊறியது. ஒன்று எடுத்து வாயில் போட்டேன். நான் ஒழுங்கான ஆள், கையைக் கர்ச்சீப்பில் சுத்தமாகத் துடைத்தேன். நாக்கைத் துடைக்கவில்லை.

அப்புறம் நாற்காலி முன்னால் போய் நின்றேன். வந்த வேலை அதுதானே? பூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மொதலாளியிடம் எதைச் சொல்வது? கண் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தது. விரல் நாக்குக்குப் போய், அங்கிருந்து நாற்காலியின் முன் ஓரத்துக்குப் போய், ஒரு தேய் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

உடனே கறுத்தது. சுத்தமான தோல், மேலே ஒரு பொட்டுப் பூச்சு கிடையாது. எனக்குள் ஒரு சந்தோஷம். எச்சில் ஈரம்தான், கொஞ்ச நேரத்தில் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். காயவில்லை. ஓரம் மினுமினுத்தது. குனிந்து முகர்ந்தேன். நெய்.

தோல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தண்ணீர் வரும், போகும். நெய் வந்தால் குடித்தனம்தான். துடைத்தால் பரவும். இன்னும் துடைத்தால் ஊருக்கே தெரியும்.

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்தேன்.

வந்தது மொதலாளி இல்லை. வாணியம்பாடி டேனரி ஒன்றில் என்னைப் போலவே ஃபினிஷிங் பார்க்கும் என் பழைய தோஸ்த். அவன் கம்பெனிக்கு எங்களுக்கு அடுத்த முறை. வாசலிலேயே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாடா, சேர வாங்கிட்டியா?"

"உக்காந்து பாக்கறேன்."

"பாத்தாச்சு இல்ல, எழுந்திரு. நான் பாக்கணும்."

"இன்னும் பாக்கல."

"சாமி சிலை மாதிரி உக்காந்துனு இருக்க. இன்னாதான் பாக்கற?"

"முதுகுக்கு எப்படி இருக்குதுன்னு."

"உன் முதுகுக்கு இன்னா கேடு?" என்றவன், என் தலைக்குப் பின்னால் போய், கட்டைவிரலை நாக்கில் வைத்து நாற்காலி முதுகில் ஒரு தேய் தேய்த்தான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கறுத்து, வெளுத்துக் காய்ந்தும் போயிற்று. அவன் பேடா சாப்பிட்டிருக்கவில்லை. சில பேர் ராசி அப்படி.

"பூச்சே இல்ல, சுத்தமான அனிலின்" என்று சொல்லிவிட்டு, டீ குடித்து வருவதாக வெளியே போனான். கதவுகிட்டே நின்று, "பில்லு போட்டதும் சொல்லு, வேன் புடிச்சித் தரேன்" என்றான்.

என் மனைவி வந்தாள். காதில் அந்தத் தொங்கட்டம். என்னை அவள் பார்த்த பார்வையில், கல்யாணப் பந்தியும் தாய்மாமனும் எல்லாம் இருந்தது.

"எழுந்திருங்க."

"முடியாது."

"கால் மரத்துப்போச்சா?"

நான் ஆள்காட்டி விரலைக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எச்சில் தானே, காஞ்சிடும்."

"பேடா."

கண்ணைத் திறந்து தொங்கட்டத்தைச் சரிசெய்தாள். அப்புறம், "காது எப்படி இருக்கு?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. பவுடர் வச்சிருக்கியா? நெய்ய இழுக்கும்."

"தோல் பாக்கத்தானே போறோம்னு எடுத்துட்டு வரல. நெஜமா நல்லா இருக்கா, இல்ல பவுடருக்காகச் சொல்றீங்களா?"

நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அவள் கழுத்தோரம் அந்தப் பழுப்புத் துண்டு அசையும்போது, அவள் முகம் ஷூ பார்க்கிற முகமாக இல்லை. இதை நான் வேறொரு நாள், வேறொரு இடத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். கண்ணாடிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அப்போது கரண்டு போனது. ஓட்டல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு வந்தது. விளக்கு எரிந்தது, ஏசி வரவில்லை. ஆம்பூர் மதியத்தில் ஏசி நின்ற ஹால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் பாலியஸ்டர் பேண்ட் போட்டிருந்தேன். பயந்த மனுஷனுக்குச் சாதாரணமாகவே வேர்க்கும். பயந்து, பாலியஸ்டர் போட்டு, பூச்சே இல்லாத தோலின் மேல் ஒருத்தன் உட்கார்ந்தால் கீழே என்ன நடக்கும் என்று ஃபினிஷிங் பார்க்கிற எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எழுந்தால் நெய். உட்கார்ந்தால் இது. என் மனம் வேறு வழிகளைத் தேடியது. மயக்கம் போட்டு விழலாம், ஆனால் தூக்குவார்கள். நாற்காலியோடு நகர்ந்து சுவரோரம் போகலாம், ஆனால் அதற்கு அப்புறமும் வாழ்க்கை இருக்கிறது. ஸ்பிரே மிஷினை லாரியில் ஏற்றுகிற காட்சி கண்ணுக்குள் வந்தது. போர்த்திய துணியோடு. எங்கள் அஞ்சு பேரையும் யாரும் கேட்கவில்லை.

மொதலாளியும் டிசைனர் அம்மாவும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை. நகை செய்கிறவர் நகை போடவில்லை. தோல் செய்கிற நாங்கள் ரெக்சின் சோபாவில் உட்காருகிற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மொதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எழுந்திருடா என்று அர்த்தம். நான் புரியாத மாதிரி சிரித்தேன்.

அந்த அம்மா, "உட்காருங்க, உட்காருங்க. யாரும் உட்கார மாட்டேங்கறாங்க, தூர நின்னு பாத்துட்டுப் போயிடறாங்க" என்று இங்கிலீஷில் சொன்னார். நான் பேசியது ஃபேக்டரி இங்கிலீஷ். அதை இங்கே தமிழில் எழுதுவதால் நடந்ததைவிடக் கொஞ்சம் மரியாதையாகவே இருக்கும்.

"எப்படி இருக்கு சேர்?" என்று கேட்டார்.

சேரைப் பற்றிப் பேசினால் சேரைப் பார்ப்பார். நான் விளக்கைக் காட்டினேன்.

"மேடம், அந்த விளக்கு."

அப்புறம் பேச ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசியதில்லை. அந்த ஆட்டுக்கு எங்கே வயிறு, எங்கே முதுகு என்று விளக்குக் கூட்டில் தெரிகிறது என்றேன். நரம்பை மறைக்காமல் விட்டது பெரிய மனசு என்றேன். அந்த வெளிச்சத்தில் என் கையை நானே மதித்தேன் என்றேன். எங்கள் ஊரில் தோலுக்கு மேலேதான் வெளிச்சம் போட்டுப் பார்ப்போம், உள்ளே போட்டுப் பார்த்ததில்லை, அது தோன்றவே இல்லை என்றேன். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பேசப் பேச எனக்கே அது தெரிந்தது. பயத்தில் ஆரம்பித்த பேச்சு எங்கேயோ பயத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மொதலாளி தன் ஆளுக்குப் பேய் பிடித்த மாதிரி பார்த்தார்.

அந்த அம்மா தரையோரம் இருந்த ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த விளக்குதான் எனக்குத் தலைவலி. சூட்டுல நாலு மாசத்துல மஞ்சளாகி, ஓரம் சுருண்டுக்குது. மேல ஏதாவது பூச்சு வேணும். ஆனா வெளிச்சம் இப்படியே வரணும். எல்லாரும் பூச்சு போட்டுக் கொன்னுடறாங்க. உங்களால முடியுமா?"

"முடியும்" என்றேன். நான் விளக்குத் தோல் என்ற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வாங்க, கிட்ட போய்ப் பாப்போம்" என்று எழுந்து கையை நீட்டினார்.

பெரிய மனுஷி கையை நீட்டியபின் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தேன். சப்பென்று ஒரு சத்தம் வந்தது.

நால்வரும் நாற்காலியைப் பார்த்தோம். நெய்ப் பொட்டைக் காணோம். ஏனென்றால் உட்காரும் இடம் முழுக்கவே கறுத்திருந்தது. இரண்டு தொடையும் அதற்கு மேலே உள்ளதும், ஓரம் பிசகாமல், அளவெடுத்த மாதிரி பதிந்திருந்தது. என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தாலே அது யார் என்று சொல்லிவிடுவார்கள்.

மொதலாளி கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். என் மனைவி மெதுவாகக் காதிலிருந்து தொங்கட்டத்தைக் கழற்றினாள். எந்தக் கணக்கும் இன்னும் ஏறவேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

"ஏசி எப்போ நின்னுது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ரொம்ப நேரம் மேடம்."

"எழுந்திருக்கலாமே."

"சேர் நல்லா இருந்தது மேடம்."

அவர் நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. விளக்கு அவர் முகத்துக்குப் பின்னால் இருந்தது. "சேரை அப்புறம் பேசுவோம். இப்போ ஈரமா இருக்கு" என்று மொதலாளியிடம் சொல்லிவிட்டு, என்னை விளக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் முதுகைச் சுவருக்குக் காட்டியபடியே நடந்தேன்.

வெளியே வந்ததும் மொதலாளி கார் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார்.

"விளக்குக்குத் தோலு நாம எப்போய்யா பண்ணோம்?"

"பண்ணதில்ல பாய்."

"அப்புறம் ஏன் முடியும்ன?"

"எழுந்திருக்கச் சொல்லிடுவாங்களோன்னு பேசினு இருந்தேன் பாய். அதுல வந்துடுச்சு."

அவர் என் பேண்ட்டைப் பார்த்தார். "கார்ல ஏறாத. பஸ்ல வா."

நாற்காலி ஆர்டர் வாணியம்பாடிக்குப் போனது. தோஸ்த் போன் பண்ணி ஒரு பாட்டம் ஓட்டினான். நடுவில் ஒரு செய்தியும் சொன்னான். "அந்தச் சேரு காஞ்சி பழையபடி ஆயிடுச்சுடா. முன் ஓரத்துல மட்டும் ஒரு பொட்டு. அந்தம்மா அத மாட்டோட தழும்புன்னு நெனச்சிட்டிருக்காங்க. எல்லாருக்கும் காட்டறாங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை. மாடும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எங்களுக்கு விளக்கு. அதுவும் ஆர்டர் இல்லை, செய்து காட்டச் சொல்லியிருக்கிறார். மொதலாளி மிஷினை விற்கிற பேச்சை, வேண்டாம் என்று சொல்லாமல், சும்மா விட்டு வைத்தார். முதலில் பூச்சு ஏற்றிய ஆட்டுத்தோல் பல்பு சூட்டில் அப்பளமாகச் சுருண்டது. அடுத்தது சுருளவில்லை, ஆனால் வெளிச்சமும் வரவில்லை. விளக்கை அணைத்தாலும் அதே மாதிரி இருந்தது. ஃபினிஷிங்கில் இப்போது நாங்கள் அஞ்சு பேரும் பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு, தோல் வழியாக வரும் வெளிச்சத்தில் ஒவ்வொருத்தராகக் கையை நீட்டிப் பார்க்கிறோம். யார் கை பணக்காரன் கையாகத் தெரிகிறதோ அந்தப் பூச்சு நல்ல பூச்சு.

போன வாரம் அப்படி ஒன்று வந்தது. அனுப்பினோம். நேற்று பதில் வந்தது: "இன்னும் கொஞ்சம் மெலிசாக."

மொதலாளி அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வேணாம்னு போடல இல்ல?"

"போடல பாய்."

"அப்ப மெலிசா போடு" என்றார். நான் போய் மிஷினின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன்.